எண் நாற்பத்தொன்று

கல்கத்தா
12 ஜூன் 1933

அன்புத் தங்கை ஜுபைதாவுக்கு, காக்கா மீரா முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் நலமும் உம்மாவின் நலமும் எழுதி வந்தால் இன்னும் நலமாவேன்.

இங்கே வெயில் ஆளை வறுக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் மின்விசிறி இருக்கிறது. அது சுற்றினால் கண்ணாடித் தகட்டில் காயவைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று பெரிய டாக்டர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் படித்துக் கடைசியில் கொசுவுக்குச் சேவகம் செய்கிறான் உங்கள் மகன் என்று உம்மாவிடம் சொல். சிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். யானைக்கால் நோயைப் பற்றி நான் எழுதப்போகும் அறிக்கைக்கு நம் குளச்சலின் கணக்கு வேண்டும். ஆண்களின் கணக்கை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ததேயுஸ் எடுத்துத் தருகிறார். பெண்களின் கணக்கு யாரிடமும் இல்லை. சர்க்கார் புத்தகத்தைப் பார்த்தால் நம் தெருப் பெண்களில் ஒருத்திக்கும் யானைக்கால் கிடையாது. அவர்கள் காலை எந்த டாக்டரும் பார்த்ததில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உள்வீடு வரைக்கும் போகக்கூடியவள் நீ, எழுதத் தெரிந்தவளும் நீ. எந்த வீடு, என்ன வயது, எந்தக் கால், எத்தனை வருஷமாக என்று எழுதினால் போதும். நம் வீட்டிலிருந்தே ஆரம்பி. உம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிக்கை நன்றாக வந்தால் என்னை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வருகிற மார்ச்சோடு வேலை முடிகிறது. உன்னை அவசரப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவசரப்படுத்தத்தான் சொல்கிறேன்.

உம்மாவின் காலை ஈரமில்லாமல் துடைத்து வை. துஆவில் என்னை மறக்காதே.

காக்கா

*

குளச்சல்
ரபியுல் அவ்வல் பிறை 7, ஹிஜ்ரி 1352

அன்பும் மரியாதையும் நிறைந்த காக்காவுக்கு, தங்கை ஜுபைதா பீவி ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் நலம். தாங்களும் கொசுக்களும் அங்கே நலமாக இருக்க துஆ செய்கிறோம்.

இத்துடன் நாற்பது பேரின் விவரம் வைத்திருக்கிறேன். பேர் கிடையாது, எண்தான். அது என் ஏற்பாடு இல்லை. முதல் நாள் பள்ளிவாசல் தெருவில் ஒரு மாமியிடம் போய்க் காலைக் காட்டச் சொன்னேன். "ஏட்டி, எங் காலுல என்ன கூத்தா நடக்குது, வந்து பாக்கியதுக்கு?" என்று விரட்டினார்கள். நான் எழுந்தபோது, "இரிட்டி. பேரு எழுதுவியா?" என்று கேட்டார்கள். எழுதமாட்டேன் என்றேன். "காக்காட்ட பேரச் சொல்லுவியா?" சொல்லமாட்டேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார்கள். அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது, பேர் எழுதாத பெண் வருகிறாள் என்று. அதனால் எண் போட்டு, வீட்டுக்குப் பதில் தெருவின் எந்தக் கோடி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எண் 1 உம்மா. அவர்களை மட்டும் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வது ஒன்று உண்டு. வாவுக்கு வாவு காய்ச்சல் வருமாம், வந்து போகும்போதெல்லாம் கால் கொஞ்சம் பருக்குமாம். நம் ஊரில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வாவு என்று பேர். கல்கத்தாவில் அது மறந்திருக்கும் என்று எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். தேங்காய்ப்பட்டணம் அலி அக்பருக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். கொப்பரை வியாபாரம். சம்பந்தம் பேசுகிற நம் மாமா, அந்த வீட்டார் கொப்பரை அடுக்கி வைக்கும் கிட்டங்கியைப் பற்றிச் சொன்னதில் பாதிகூட மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். பெரியம்மா மகள் கல்யாணத்தில் சமையல்காரன் கோபித்துக்கொண்டு போனபோது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நெய்ச்சோறு இறக்கியது அவர்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோறு குழைந்திருந்தது. இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்று நானே உம்மாவிடம் சொல்லிவிட்டேன். இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உம்மா ஸலாம் சொன்னார்கள்.

ஜுபைதா

*

கல்கத்தா
12 ஜூலை 1933

அன்புத் தங்கைக்குக் காக்காவின் ஸலாம். நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சிரித்தேன். குழைந்த நெய்ச்சோற்றுக்குச் சம்மதம் சொன்ன முதல் பெண் நீதான். அலி அக்பர் நல்ல இடம். எனக்கும் சம்மதம் என்று மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் கணக்கைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். நாற்பது பெண்களா என்று கேட்டார். ஒரு தெருவில்தான் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு வேண்டியது வேறு. நீ எழுதிய நாற்பது பேரும் கால் பருத்துப் பல வருஷம் ஆனவர்கள். இந்த நோய் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. காய்ச்சல் ஆரம்பித்து, கால் இன்னும் பருக்காத ஒரு பெண் கிடைத்தால் விடாதே. அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுது. பிறகு, நம் கீழத்தெருக் குளத்தில் ஆகாயத்தாமரை மிதக்குமே, அதில் ஒரு செடியை வேரோடு எடுத்துத் ததேயுஸிடம் கொடு. அந்த வேரில்தான் சில கொசுக்களின் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன.

தயவுசெய்து இங்கிலீஷ் தேதி போடு. உன் பிறையை ஜூலை என்று மாற்றுவதற்குள் எனக்குத் தலை சுற்றுகிறது.

உம்மாவின் கையைப் பிடித்து என் ஸலாம் சொல்.

காக்கா

*

குளச்சல்
ரபியுல் ஆகிர் பிறை 6

மரியாதைக்குரிய காக்காவுக்கு ஸலாம். உம்மா நலம், நானும் நலம். தாங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உம்மா கேட்கிறார்கள்.

பிறைதான் போடுவேன். இங்கே பெண்களிடம் ஜூலை என்றால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒருத்தி கிடைத்தாள். எண் 41. வயது பத்தொன்பது. வலது கால். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரபியுல் அவ்வல் பிறை 14-இல் ஒரு தடவை, இந்த மாதம் முதல் பிறையில் ஒரு தடவை காய்ச்சல் வந்தது, இரண்டும் வாவை ஒட்டித்தான். அதற்கு முன்னும் வந்திருக்கலாம், சாதாரணக் காய்ச்சல் என்று விட்டிருப்பாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டும். பிறகு குளிர், பல் தந்தியடிக்கும். மறுநாள் நெறியிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக ஒரு கோடு இறங்கும். தொட்டால் உள்ளே கயிறு இருப்பதுபோல் இருக்கும். போர்வை பட்டால்கூட எரியும். மூன்றாம் நாள் நன்றாக வியர்த்துக் காய்ச்சல் விட்டுவிடும். விட்ட பிறகு இரண்டு நாள், இன்னொருத்தி காலை இரவல் வாங்கி நடப்பதுபோல் இருக்கும்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது.

ஆகாயத்தாமரை கொடுத்தாகிவிட்டது. வேரைப் பிடுங்கும்போது குளத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள், இதை வைத்து என்ன கறி என்று கேட்டார்கள்.

துஆ ஸலாம்.

ஜுபைதா

*

கல்கத்தா
8 ஆகஸ்ட் 1933

அன்புள்ள ஜுபைதாவுக்கு ஸலாம். எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நானும் நலம், உம்மா கேட்டதற்காக இன்று நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

எண் 41-ஐப் பற்றி நீ எழுதியதை எட்டுத் தடவை படித்துவிட்டேன். சிவப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். சாதாரணப் புண்ணில் அது கீழிருந்து மேலே ஏறும். இந்த ஒரு வரிக்காக இங்கே இரண்டு டாக்டர்கள் கை கலக்காத குறையாக வாதாடினார்கள். "இன்னொருத்தி காலை இரவல் வாங்கி" என்பதைப் பெரிய டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்ல முயன்று தோற்றேன். நாற்பது பேரும் ஒரு பக்கம், இந்த நாற்பத்தொன்று ஒரு பக்கம். இப்படி ஒருத்தி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

அவளை விடாதே. ஒவ்வொரு காய்ச்சலும் எந்தப் பிறையில் தொடங்கி எந்தப் பிறையில் விட்டது என்று குறித்து வை. வாவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டென்று நம் ஊரில் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்துவிடலாம். பிறைத் தேதி வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு கணுக்காலையும் அளந்து அனுப்பு. அடுத்த காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி அள.

அடுத்த காய்ச்சல் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். இது டாக்டர் சொல்லக்கூடிய பேச்சா என்று நீ திட்டுவாய். திட்டிக்கொள்.

உம்மாவுக்கு ஸலாம்.

காக்கா

*

குளச்சல்
ஜமாதுல் அவ்வல் பிறை 12

மரியாதைக்குரிய காக்காவுக்கு ஸலாம். உம்மாவும் நானும் நலம். தங்கள் கடிதம் கண்டேன், அதிர்ஷ்டம் உங்களுக்கு வந்ததில் மகிழ்ச்சி.

அளவு நாடா கிடைக்கவில்லை. தையல்காரரிடம் கேட்டால் எதற்கென்று கேட்பார். அதனால் நூல் வைத்து அளந்து, அந்த நூலையே உறையில் வைத்திருக்கிறேன். கறுப்பு நூல் இடது கணுக்கால், வெள்ளை நூல் வலது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளை ஒரு நெல் அளவு கூடுதலாக இருக்கிறது. போன மாதம் இரண்டும் சமமாக இருந்தன என்று அவள் சொல்கிறாள். எனக்கு

*

பிறை 18

நடுவில் கொஞ்சம் வேலை வந்துவிட்டது, கடிதம் அப்படியே நின்றுவிட்டது. எண் 41-க்கு பிறை 13-இல் காய்ச்சல் வந்து 16-இல் விட்டது. இந்தத் தடவை கோடு கணுக்கால் வரைக்கும் இறங்கியது. புது வெள்ளை நூல் ஒன்றும் வைத்திருக்கிறேன், முனையில் முடிச்சுப் போட்டது.

காக்கா, எண் 41 உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா? இப்போது கால் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், பிறகு வேறு யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. நீங்கள் டாக்டர், நீங்கள் சொல்வதைச் செய்வதாகச் சொல்கிறாள்.

பதில் எழுதும்போது யோசித்து எழுதுங்கள். உம்மா ஸலாம் சொன்னார்கள்.

ஜுபைதா

*

கல்கத்தா
20 செப்டம்பர் 1933

அன்புத் தங்கைக்கு ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

நூல் அருமையான யோசனை. மூன்று நூலையும் அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் பிறை எழுதி என் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

எண் 41 கேட்டதற்குப் பதில். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவள் சொல்லிவிட வேண்டும். நம் கரையில் இந்த நோய் இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் இருந்ததே ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தி வைத்ததால்தான். கல்யாணமான பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டாள் என்ற பேரும் சேர்ந்து வரும். காலைப் பார்த்து ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும், அவன் போவதில் நஷ்டம் இல்லை. இதை டாக்டர் சொன்னார் என்று அவளிடம் படித்துக் காட்டு.

அவள் செய்ய வேண்டியது: தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் துடைக்க வேண்டும். சின்னப் புண்ணையும் விடக்கூடாது. காய்ச்சல் நாளில் படுத்தபடி காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். மற்ற நாளில் விரலிலிருந்து மேல்நோக்கித் துணி சுற்ற வேண்டும். கொசுவலை கட்டாயம். இது முழுக்கக் குணமாகும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். இப்போதே இப்படிப் பார்த்துக்கொண்டால் கால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும்.

உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதா? மாமா ஒன்றும் எழுதவில்லை.

காக்கா

*

கல்கத்தா
30 அக்டோபர் 1933

ஜுபைதா, என் தங்கமே, ஸலாம்.

உன்னிடமிருந்து நாற்பது நாளாகக் கடிதம் இல்லை. முதலில் தபாலைத் திட்டினேன். பிறகு உன்னைத் திட்டினேன். நேற்று அறிக்கைக்கு அட்டவணை எழுத உட்கார்ந்தேன். எண் 41-இன் காய்ச்சல் நாட்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதினேன். தேதி சரிபார்க்க உன் கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் பரப்பினேன். பிறை 7, பிறை 6, பிறை 12, பிறை 18. வாவை ஒட்டி நீ ஒரு கடிதமும் எழுதவில்லை. பிறை 12-இல் தொடங்கிய கடிதம் "எனக்கு" என்ற சொல்லோடு நின்று பிறை 18-இல்தான் மறுபடி தொடங்குகிறது. மேல் பாதியில் வரி நேராக இருக்கிறது. கீழ்ப்பாதியில் ஒவ்வொரு வரியும் சரிந்து போகிறது. எண் 41-க்கு காய்ச்சல் பிறை 13 முதல் 16 வரை.

பிறகு உன் கணக்கைப் பார்த்தேன். ஒன்று முதல் நாற்பது வரை எல்லாருக்கும் தெருவின் எந்தக் கோடி என்று எழுதியிருக்கிறாய். 41-க்கு மட்டும் அதை எழுதவில்லை.

அது நீதானே ஜுபைதா?

போர்வை பட்டால் எரியும் என்பது கேட்டு எழுதக்கூடியது இல்லை. நான் எட்டுத் தடவை படித்தேன். எட்டுத் தடவையும் எனக்கு உறைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று எழுதினேன். அடுத்த காய்ச்சலுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ எங்கே உட்கார்ந்து படித்தாயோ, அதை நினைத்தால் என்னால் மேஜையில் உட்கார முடியவில்லை. உன் கணுக்காலை அட்டையில் ஒட்டி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்னைக் குளத்தில் இறக்கியதும் நான்தான். அதனால் வந்ததில்லை, பல வருஷக் கொசுக்கடியால் வந்தது என்று டாக்டருக்குத் தெரியும். காக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை.

என் செப்டம்பர் கடிதத்தைக் கிழித்துப் போடு. மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. கல்யாணம் முடியட்டும், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அறிக்கையிலிருந்து 41-ஐ எடுத்துவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். உடனே பதில் எழுது.

காக்கா

*

குளச்சல்
ரஜப் பிறை 21

என் அருமைக் காக்காவுக்கு ஸலாம். உம்மா நலம். நான் போன வாரம் நான்கு நாள் படுத்திருந்தேன், இப்போது நடக்கிறேன். இனி இப்படித்தான் எழுதுவேன்.

ஆமாம், நான்தான்.

ரயில் ஏறாதீர்கள். ஏறினால் வாசலில் வந்து நின்றாலும் பேசமாட்டேன். இதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. தங்கைக்குக் கால் வீங்குகிறது என்றால் நீங்கள் கல்கத்தாவை உதறிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுவீர்கள். அப்புறம் எண் 1 முதல் எண் 40 வரை உள்ளவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொரு காரணமும் உண்டு. ஜுபைதா கேட்டால் காக்கா பதில் சொல்வீர்கள். எனக்கு டாக்டரின் பதில் வேண்டியிருந்தது.

உங்கள் கடிதம் வர ஒரு மாதம் பிந்திவிட்டது. செப்டம்பர் கடிதம் எண் 41-க்கு டாக்டர் எழுதியது. இப்போது வந்தது ஜுபைதாவுக்குக் காக்கா எழுதியது. இரண்டும் ஒரே காலுக்குத்தான். நான் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

போன மாதம் பிறை 22-இல் அலி அக்பரின் உம்மா என்னைப் பார்க்க வந்தார்கள். மாமா வெளியே போனதும் உள்ளறையில் கதவைச் சாத்தினேன். "மாமி, ஒரு காரியம் சொல்லணும். கேட்டுட்டு நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றேன். சொல்லி முடித்ததும் காலைக் காட்டச் சொன்னார்கள். கணுக்காலைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார்கள். "எத்தன தடவ வந்துது?" என்றார்கள். ஆறு என்றேன். "ஒன் உம்மாக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். துணியைக் கீழே இழுத்து விட்டு எழுந்து போய் வண்டியில் ஏறிவிட்டார்கள். சாயா ஆறிப்போய்க் கிடந்தது.

அதன் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். பதில் வரவில்லை. அன்றைக்கே உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உம்மா தன் காலைப் பார்த்தார்கள், பிறகு என் காலைப் பார்த்தார்கள். மெதுவாக, "எனக்கு வந்துது போதாதா மோளே" என்றார்கள். நான் அதுவரை அழவில்லை.

காக்கா, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உங்களிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. தினமும் வண்டிச் சத்தம் கேட்டால் காது அங்கே போகிறது. ஆனால் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

41-ஐ அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். இத்தனை காய்ச்சலையும் வீணாக வாங்கினதாக ஆகிவிடும்.

ஜுபைதா

*

கல்கத்தா
20 நவம்பர் 1933

அன்புத் தங்கைக்கு ஸலாம். உன் கால் எப்படி இருக்கிறது? இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ரயில் ஏறவில்லை. உன்னோடு சண்டை போட்டு நான் எப்போது ஜெயித்தேன். கொசுவலை இரண்டும் சோப்புக் கட்டிகளும் பார்சலில் வருகின்றன.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தகவல் வந்ததா? ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும் என்று எழுதினேனே, அதைவிடச் சுலபமான வரியை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. இப்போது தபால்காரர் வரும் நேரத்தில் மாடிப்படியில் போய் நிற்கிறேன். அவர் ஓடக்கூடாது ஜுபைதா. டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

41-ஐ அறிக்கையில் வைத்திருக்கிறேன். பெரிய டாக்டர் படித்துவிட்டு, இந்த அளவுக்குக் கவனித்து எழுதியது யார் என்று கேட்டார். என் தங்கை என்றேன். கவனித்தவரின் பேரை முதல் பக்கத்தில் போடுவதுதான் முறை என்கிறார். நம் வீட்டுப் பெண்ணின் பேரை அச்சில் போடும் வழக்கம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதை உன் தங்கையிடம் கேள் என்றுவிட்டார். கேட்கிறேன். மார்ச்சுக்குப் பிறகும் என்னை இருக்கச் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் நான் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உம்மாவுக்கு என் ஸலாம். உங்கள் இருவர் காலுக்கும் என் முத்தம்.

காக்கா

*

குளச்சல்
ஷஃபான் பிறை 20

அன்பும் மரியாதையும் நிறைந்த காக்காவுக்கு ஸலாம். உம்மா நலம். எனக்கு பிறை 14 முதல் மூன்று நாள் காய்ச்சல், பழையபடி கடுமை இல்லை. வெள்ளை நூல் கூடவில்லை. கொசுவலைக்குள் உம்மாவும் நானும் கல்யாணப் பெண்கள்போல உட்கார்ந்திருக்கிறோம்.

பேரைப் போடுங்கள். ஜுபைதா பீவி, குளச்சல் என்று முழுசாகப் போடுங்கள். எண் 41 யார் என்று மட்டும் எழுத வேண்டாம். அது மற்ற நாற்பது பேருக்கும் நான் கொடுத்த வாக்கு, எனக்கும் சேர்த்துத்தான்.

நேற்று முன்தினம் தேங்காய்ப்பட்டணத்து வண்டி வந்தது. மாமி இறங்கினார்கள். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். முன்னறையில் மாமாவோடு பேசுவது கேட்டது. ஷவ்வால் மாதம் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றார்கள். என் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

மாமா உடனே பிறை 14 என்றார். நல்ல நிலவு இருக்கும், கடற்கரை வழியாக மாப்பிள்ளையை அழைத்து வரச் சௌகரியம், எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்றார். மாமி, "அது வேண்டாம், பிறை இருபத்திரண்டு" என்றார்கள். மாமாவுக்குப் புரியவில்லை. "இருட்டுல எப்படி அழைச்சிட்டு வாறது? நெலா நடுராத்திரிக்கு மேலல்லா வரும்" என்றார். "வெளக்குக் கொளுத்திட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே வந்தார்கள்.

என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "பேசாமப் போயிட்டன்னு கோவமா மோளே? அவன் ஆலப்புழைக்குக் கொப்பரை கொண்டு போயிருந்தான். அவன்ட்ட கேக்காம நான் ஒரு வாக்குச் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். எனக்கும் மனசு ஒரு நெலையில இல்ல, பொய் சொல்லமாட்டேன்" என்றார்கள். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார்களாம். அவர் கேட்டது ஒரே கேள்விதானாம், காய்ச்சல் எந்தெந்த நாளில் வரும் என்று. வாவுக்கு வாவு என்று மாமி சொல்லியிருக்கிறார்கள்.

"பெறவு விரலை மடக்கி மடக்கி ஒரு கணக்குப் போட்டான் மோளே. ரெண்டு வாவுக்கும் நடுவுல உள்ள நாளு, இருபத்திரண்டுன்னான். ஏம்லேன்னு கேட்டேன். அன்னைக்குத்தான் அவளுக்கு வேதனை இல்லாம நிக்க முடியும்னு சொன்னான்."

இதை எழுதும்போதும் எனக்குக் கண் மறைக்கிறது. வரி சரிந்திருந்தால் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள்.

மாமா இன்னும் இருட்டு, இருட்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். வரும்போது கல்கத்தாவிலிருந்து நல்ல காஸ் விளக்கு இரண்டு கொண்டு வாருங்கள். மற்றவை நேரில். உம்மாவின் ஸலாமும் என் ஸலாமும்.

ஜுபைதா